மாட்டுக்குப் பல்லு, வண்டிக்கு மூட்டை

வாடா அப்புனு, திண்ணையில உக்காரு. ஷோரூமுக்குப் போயிட்டு வந்த களை மொகத்துலயே தெரியுது. அங்கராக்குல ஏசி வாசம் இன்னும் போகலை. பிக்கப் வண்டிய ஓட்டிப் பாத்தாச்சு, சூப்பரா இருக்குது, நாளைக்கு அட்வான்ஸ் கட்டறேங்கறே. நல்லது. கட்டு. கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கிழவனோட நாலு கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போயிரு.

எத்தனை தூரம் ஓட்டுனே? பெட்ரோல் பங்க் வரைக்குமா. சரி. எத்தனை நேரம்? ஒம்பது நிமிசமா. சரி. வண்டி மேல என்ன ஏத்தியிருந்தாங்க? ஒண்ணுமில்லையா. சரி. எஞ்சின் சத்தம் எப்படி இருந்துச்சு? பாட்டு ஓடிட்டு இருந்துச்சா. அந்த ஷோரூம் பையன் புளூடூத்துல போட்டுக் குடுத்தானா. ரொம்ப சரி. நீ வண்டி ஓட்டப் போகலை கண்ணு, பாட்டுக் கேக்கப் போயிருக்கறே. அதுக்கு ஒம்பது லட்சம் எதுக்கு? தேர்நோம்பிக்கு மைக்செட்டுக் கட்டறவங்கிட்டச் சொன்னா வேண்டாம் வேண்டாம்னாலும் போடுவான்.

என்ற ஐயன், உனக்குக் கொள்ளுத்தாத்தன், சித்திரை மாசம் கண்ணபுரம் மாரியாத்தா நோம்பிக்குக் காளை புடிக்கப் போவாரு. போன ஒடனே மாட்டுக்கிட்டப் போக மாட்டாரு. அக்கட்டால ஒரு வேப்பமரத்தடியில உக்காந்து வெத்தலை போடுவாரு. மாடு தானா எப்படி நிக்குது, எந்தக் கால மாத்தி மாத்தி வெக்குதுன்னு தூரத்துல இருந்தே அளந்துக்குவாரு. பொறவு போயி வாயத் தொறந்து பல்லப் பாப்பாரு. மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லு கெடையாது, கீழ எட்டுத்தான். பால்பல்லு விழுந்து ரெண்டு பல்லு போட்டிருந்தா ரெண்டு வயசு ஆச்சு. எட்டும் சேந்திருந்தா நாலு வயசு சுமாருக்கு ஆயிருச்சு. தரகன் என்ன வயசு சொன்னாலும் பல்லு சொல்றதுதான் கணக்கு. அப்பறம் சுழி. பாடைச் சுழி இருக்குதா, விலங்குச் சுழி இருக்குதான்னு விரல ஓட்டியே கண்டுபுடிப்பாரு. அப்பறம் நடை. கடைசியாத்தான் பெரிய சோதனை. பாரம் ஏத்துன வண்டியில பூட்டி, மணல் கெடக்கற பள்ளத்துல இழுக்க விடுவாரு. கயித்தப் புடிச்சுட்டு வெறும் மாட்ட நாலடி நடத்திப் பாத்துட்டு அவரு மடியில கைய உட்டதே இல்லை.

ஒரு சோடி மாட்டுக்கு ஒரு பகல் பூரா. நீ ஒம்பது லட்சத்துக்கு ஒம்பது நிமிசம். லட்சத்துக்கு ஒரு நிமிசம்னு கணக்கு வெச்சியாட்ட இருக்குது. அந்தக் கணக்குக்குப் பாத்தா நீ கத்திரிக்காய் வாங்கறப்பக் கண்ணையே தொறக்கக் கூடாது.

கோவிச்சுக்காதே. அம்மாயி, பேரனுக்கு ஒரு டம்ளர் மோரு கொண்டா. ஒம்பது நிமிசம் வண்டி ஓட்டிக் களைச்சுப் போயி வந்திருக்கறான்.

மாட்டுக்கு நடை பாத்த மாதிரி வண்டிக்கும் நடை பாக்கோணும். வருசத்துக்கு எத்தனை நடை போகப் போறே? நம்ம தோட்டத்துல சின்ன வெங்காயம் ரெண்டு போகம், மிச்ச நாளைக்குத் தேங்காய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் காங்கயத்துக் கொப்பரைக் களத்துக்குமா சேத்து எண்ணு. நாப்பது நடை வருதா? அந்த நாப்பதுக்கும் போன வருசம் வாடகை வண்டிக்கு என்ன குடுத்தேன்னு ஒரு பக்கம் எழுது. இன்னொரு பக்கம் மாசத் தவணை, இன்சூரன்ஸ், டயரு, டிரைவர் படி எல்லாம் எழுது. எஃப்சியையும் மறந்துராதே, சரக்கு வண்டிக்கு எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருசா வருசம். எழுதிப் பாத்து வாடகையே லாபம்னு வந்துச்சுன்னா ஷோரூமுக்குப் போயிக் காப்பிய மட்டும் குடிச்சுட்டு வந்துரு. காப்பிக்குத் தவணை கெடையாது.

நீ எழுத மாட்டே. எனக்குத் தெரியும். மாமியா ஊட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்தறதுக்குன்னு ஒரு நடை இருக்குது. அது எந்த நோட்டுலயும் ஏறாது. அந்த ஒரு நடைக்குத்தான் ஊருல பாதி வண்டி விக்குது.

சரி, வாங்கறதுன்னே முடிவு. எந்த வண்டி? உன்ற போன்ல ஹைலக்ஸ் படம் பாத்தேன். மலை ஏறுது, ஆத்துல எறங்குது, சேத்துல பொரளுது. எருமையும் அதெல்லாம் பண்ணும், பாலும் குடுக்கும். 2022-ல இந்தியாவுக்கு வந்தப்பவே முப்பது லட்சத்தத் தாண்டுன வண்டி அது. அதுல வெங்காய மூட்டையப் போட்டா வெங்காயமே கூச்சப்பட்டுக்கும்.

நம்மளுக்கு ஏத்தது மூணு தெனுசு. 2005-ல டாடா ஏஸ் வந்துது. ரெண்டு சிலிண்டரு, முக்கா டன் பாரம். கம்பெனி என்ன பேரு வெச்சா என்ன, நம்ம சனம் அதுக்குக் குட்டி யானைன்னு பேரு வெச்சுருச்சு. 2011-ல அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்னேகால் டன், நம்ம ஓசூர்ல பண்ணுனது. அதுக்கு மேல வேணும்னா மஹிந்திரா பொலேரோ பிக்கப், ரெண்டு டன் வரைக்கும் வகைவகையா இருக்குது. இதுல ஒரு சூட்சுமம். வண்டி எடையும் சரக்கு எடையும் ஒட்டுக்கா 3000 கிலோவுக்குள்ள அடங்குச்சுன்னா பெர்மிட்டு வேண்டியதில்லை. தாண்டுச்சோ, பெர்மிட்டு எடுக்கோணும். பெரிய வண்டி பாக்கறப்ப அந்தப் பையன் இதத் தானா சொல்ல மாட்டான். நீயும் தானா கேக்க மாட்டே. ரெண்டு பேருக்கும் சேத்து ஆர்டிஓ ஆபீஸ்காரன் சொல்லுவான்.

எத்தனை டன் பாஸிங்னு கேட்டுட்டு, அதுக்கு மேல ஏத்தலாம்னு மனசுக்குள்ள ஒரு சிரிப்பு சிரிக்கறே பாரு, அந்தச் சிரிப்புக்கு வெலை 20,000 ரூபா. ஓவர்லோடுக்கு அபராதம் அதுல இருந்துதான் ஆரம்பம், எச்சா ஏத்துன ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. அதுக்கும் மேல, எச்சா இருக்கற மூட்டைய ரோட்டோரத்துல எறக்கச் சொல்லுவாங்க. ஒரு நடை மிச்சம் புடிக்கறேன்னு போயி ஒரு போகத்து லாபத்த ரோட்டுல வெச்சுட்டு வர்றதுக்குப் பேரு சாமர்த்தியமில்லை.

இப்ப நாளைக்கு எப்படிப் போறதுன்னு கேளு.

வெள்ளையுஞ் சொள்ளையுமாப் போகாதே. தோட்டத்து வேட்டியோட போ. காப்பி கொஞ்சம் லேட்டா வரும், வெலை கொஞ்சம் கம்மியா வரும். உன்ற பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. முன்பணத்துல பாதி அவ நகை. நகை போன கழுத்துக்குத்தான் கேள்வி கேக்கத் தெரியும். லோடுமேனையும் கூப்புட்டுக்க. நீ ஸ்டியரிங்கப் பாப்பே, அவன் பாடியப் பாப்பான். பாடி இடுப்பு உசரத்துல இருக்குதா, நெஞ்சு உசரத்துல இருக்குதான்னு தெனமும் மூட்டை தூக்கற முதுகுக்குத்தான் தெரியும். டேப்பு ஒண்ணு எடுத்துக்க. எட்டடி பாடின்னு வாயில சொல்லுவாங்க. உள்பக்கம் அளந்து பாரு, பக்கக் கதவு உசரத்தையும் அளந்து பாரு. தக்காளிப் பொட்டி எத்தனை வரிசை நிக்கும்னு அங்கயே தெரிஞ்சுக்கலாம்.

லைசென்ஸ மறந்துராதே. அது இல்லாம சாவியத் தர மாட்டாங்க. கார் லைசென்ஸ் செல்லுமான்னு இழுக்காதே. 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிய அந்த லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதி உக்காந்து சொல்லியாச்சு. உன்ற அப்பன ஓட்டச் சொல்லாதே. அவனோட லைசென்ஸ்ல இருக்கற போட்டாவுல தலை பூரா முடி இருக்குது; காலாவதி ஆயி எத்தனை வருசமோ.

கடைசியா, மூட்டை. அம்பது கிலோ மூட்டை இருபது. சரியா ஒரு டன். அத வாடகை வண்டியில ஏத்திட்டு ஷோரூம் வாசலுக்கே போயிரு.

சிரிக்காதே. "மூட்டையோட வர்றதுக்கு நான் என்ன பைத்தியமா"ங்கறே. பைத்தியம் யாருன்னு சொல்லட்டுமா? வெங்காயம் ஏத்தறதுக்கு வண்டி வாங்கறவன், வெறும் காத்த ஏத்திட்டு ஓட்டிப் பாக்கறான் பாரு, அவன்தான். பிக்கப் வண்டிக்குப் பின்னாடி பட்டாவெல்லாம் டன் கணக்குல பாரம் தாங்கறதுக்குப் போட்டது. வெறும் வண்டியா ஓட்டுனா தூக்கித் தூக்கித்தான் போடும். அதப் பாத்துட்டு "குலுக்குது, வேண்டாம்"கறவனும் முட்டாளு. வெறும் வண்டி ஏத்தத்துல பறக்கறதப் பாத்துட்டு "புல்லிங் செமையா இருக்குது"ங்கறவன் அவனுக்கு அண்ணன். அந்தப் பையன் மாட்டேன்னா மேனேஜரக் கூப்புடு. மேனேஜரும் மாட்டேன்னா, பாரம் ஏத்திப் பாக்க விடாதவங்கிட்டப் பார வண்டி வாங்கலாமான்னு நீயே யோசிச்சுக்க.

வண்டிக்கிட்டப் போன ஒடனே கதவத் தொறக்காதே. பானெட்டு மேல கைய வையி. சுட்டுச்சுன்னா, நீ வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கறாங்கன்னு அர்த்தம். ராத்திரி பூரா பனியில நின்ன டீசல் வண்டி வெடியால மொதல் சாவிக்கு எப்படி எந்திரிக்குதுங்கறதுதான் நம்மளுக்கு வேணும். மார்கழி மாசம் வெடியால மூணு மணிக்கு மார்க்கெட்டுக்குக் கெளம்பறப்ப உன்னையே எழுப்ப முடியாது, வண்டியாவது எந்திரிக்கோணும். அதனால மொத ஆளாப் போ. எஞ்சின நிறுத்திக் குளிர விட்டுப் பொறவு ஸ்டார்ட் பண்ணச் சொல்லு.

நம்பர் பிளேட்டப் பாரு. செவப்புப் பலகையில வெள்ளை எழுத்துன்னா அது டீலரோட டிரேடு சர்டிபிகேட்டு வண்டி. அதுக்கு இன்சூரன்ஸ் இருக்குதான்னு கேளு. ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேப்பாங்க. படிச்சுட்டுப் போடு. கல்யாணப் பத்திரிகையக்கூடக் கண்ணாடி போட்டுப் படிக்கற நம்ம சனம், கையெழுத்துப் போடற காயிதத்த மட்டும் கண்ண மூடிட்டுப் போடும். வழியில எங்கயாச்சும் முட்டிட்டா யாரு தலையிலங்கறது அந்தக் காயிதத்துலதான் இருக்கும்.

இன்னொண்ணு கேளு. அவங்க ஓட்டக் குடுக்கறது பெரும்பாலும் இருக்கறதுலயே ஒசந்த வகையா இருக்கும். பவர் ஸ்டியரிங், ஏசி, டிவி மாதிரி ஒரு பொட்டி. வெலை பேசறப்ப நீ எறங்கி எறங்கிக் கடைசியில வாங்கறது வேற ஒண்ணா இருக்கும். பொண்ணுப் பாக்கப் போனா அக்காளக் காட்டிட்டுத் தங்கச்சியக் கட்டி வெக்கற கதை. நீ எந்த வகை வாங்கறியோ, அதே வகைய ஓட்டக் கேளு.

இப்ப ஏறு. பாட்ட நிறுத்து. ஏசிய நிறுத்து. கண்ணாடிய எறக்கி உடு. அந்தப் பையன் வாயையும் சித்த நிறுத்தச் சொல்லு. இருபது மூட்டையோட ஏத்தத்துல பாதியில நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கு போட்டு, காலை எடு. வண்டி நிக்குதா, பின்னாடி நழுவுதா? மொத கியருல மறுபடியும் எடு. கிளட்சு கருகற வாசம் வந்துச்சுன்னா உனக்கு ஓட்டத் தெரியலை, இல்லாட்டி வண்டிக்கு இழுக்கத் தெரியலை. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்க லோடுமேன் மொகத்தப் பாரு. எறக்கத்துல பிரேக்க அழுத்து. ஒரு பக்கமா இழுக்குதான்னு பாரு. வெறும் வண்டி நிக்கற தூரத்துக்கும் பாரம் ஏத்துன வண்டி நிக்கற தூரத்துக்கும் எத்தனை வித்தியாசம்னு அங்க தெரிஞ்சுக்கிட்டாத்தான் நாளைக்கு எவனோட ஆட்டுக்குட்டியும் பொழைக்கும்.

அப்பறம் வண்டியத் திருப்பு. ரவுண்டானாவுல எல்லா வண்டியும் திரும்பும். நம்ம இட்டேரியில திரும்போணும். ரெண்டு பக்கமும் முள்ளுவேலி, நடுவுல எதிர்ல ஒரு எருமை. குட்டி யானை 4.3 மீட்டர் வளைவுல திரும்பிரும், அதுக்குத்தான் சந்து பொந்தெல்லாம் அது நிக்குது. பெரிய பிக்கப்புக்கு அதவிட எடம் வேணும். ஷோரூமுக்குப் பின்னாடி இருக்கற சந்துக்குள்ள உட்டு ரிவர்சுல எடுத்துப் பாரு. முடிஞ்சா பொழுது சாயற வரைக்கும் இருந்து லைட்டப் போட்டுப் பாரு. பின்னாடி பாரம் அழுந்தறப்ப முன்னாடி மொகம் தூக்கும். லைட்டு ரோட்ட உட்டுட்டு நட்சத்திரத்தப் பாக்கும். அத எறக்கறதுக்குத் திருகு இருக்குதான்னு கேளு.

டேஷ்போர்டுல ஒரு சின்ன விளக்க மட்டும் கேட்டு வெச்சுக்க. 2020 ஏப்ரல் ஒண்ணுல இருந்து வர்ற டீசல் வண்டிக பிஎஸ்-6. புகையில இருக்கற கரியப் புடிக்கறதுக்கு டிபிஎஃப்னு ஒரு சல்லடை இருக்குது. ரோட்டுல தம் கட்டி ஓடுனாத்தான் அந்தக் கரி எரிஞ்சு சல்லடை சுத்தமாகும். தோட்டத்துக்கும் டீக்கடைக்குமே உருட்டிட்டு இருந்தா அடைச்சுக்கும். மனுசனுக்கு வர்ற சீக்குத்தான், நடந்தாச் சரியாப் போகும். நீ எந்த வகை ஓட்டம் ஓட்டப் போறேன்னு சொல்லிட்டு, உனக்கு அது ஒத்து வருமான்னு கேளு.

எனக்கு எப்படி இத்தனையும் தெரியும்னு பாக்கறியா? எல்லாம் சோடா குடிச்சுக் கத்துக்கிட்டதுதான்.

1992-ல நானும் ஒரு வண்டி வாங்குனேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடைங்கறது எதுக்கு. அவனுக்கும் பேரப்புள்ளைக இருக்கும். கடை ஒரு மேட்டு மேல இருந்துச்சு. ஐயன் இல்லை, செத்துப் போயி ரெண்டு வருசம் ஆச்சு. மாடு புடிக்கத்தானே அவரு புத்தி வேணும், மோட்டாருக்கு எதுக்குன்னு தனியாப் போனேன். கடைக்காரன் "ஐயா நீங்களே ஓட்டுங்க"ன்னு சாவியக் குடுத்தான். மேட்டுல இருந்து எறக்கம். கொக்கு பறக்கற மாதிரி போச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. கீழ பாலத்துக்கிட்டத் திரும்பறப்ப, "வெயில்ல களைச்சிருப்பீங்க, இப்படி உக்காருங்க"ன்னு ஒரு கோலி சோடாவ ஒடைச்சுக் கையில குடுத்துட்டு அவன் ஸ்டியரிங்கப் புடிச்சான். வர்றப்ப ஏத்தம். அவன் ஓட்டுறான், நான் சோடா குடிக்கறேன். வண்டி மொனகுனது எனக்குக் கேக்கலை. கேட்டதெல்லாம் கோலிக்குண்டு உருள்ற சத்தந்தான்.

பணத்தக் கட்டி ஓட்டிட்டு வந்தேன். ஊரே வாசல்ல நின்னு பாத்துச்சு. அடுத்த வாரம் இருபத்தஞ்சு மூட்டை வெங்காயத்தோட நம்ம பள்ளத்து ஏத்தத்துல ஏத்துனேன். பாதி வரைக்கும் போச்சு. அப்பறம் நின்னுச்சு. அப்பறம் வந்த வழியே திரும்பி வந்துச்சு, நான் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு முன்னாடி பாத்துட்டே பின்னாடி வர்றேன். ஊரே வந்து முட்டுக் குடுத்துத் தள்ளுச்சு. அதுக்கப்பறம் ஆறு வருசம், உன்ற அம்மாயி மடியில ஒரு மரக்கட்டையோட பின்னாடி மூட்டை மேல உக்காந்து வருவா. ஏத்தத்துல வண்டி திக்குனா குதிச்சு எறங்கிச் சக்கரத்துக்குப் பின்னாடி கட்டையப் போடுவா. இன்னிக்கும் அவகிட்ட வாயக் குடுத்தா அந்தக் கட்டைய எடுத்துக் காட்டறா. பொடக்காளியில பத்திரமா வெச்சிருக்கறா. ஒரு கோலி சோடாவுக்கு அத்தனை வெலை குடுத்தவன் இந்தத் தாலுக்காவுலயே நான் ஒருத்தன்தான்.

மைலேஜு கேட்டியா? அந்தப் பையன் சொன்ன நம்பர நம்பிட்டியா? அவன் பொய் சொல்லலை. ஆனா அது புனேயில ஏஆர்ஏஐ மாதிரி சோதனைக்கூடத்துல உருளை மேல வண்டிய நிறுத்தி ஓட்டுன கணக்கு. அங்க ஆடு குறுக்க வராது, டோல்கேட்டு வராது, உன்ற மாதிரி ஆக்சிலேட்டர மிதிச்சு வெக்கறவனும் வர மாட்டான். நெசமான கணக்கு வேணும்னா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போ. லோடு எறக்கிட்டு வண்டிக வரிசையா நிக்கும். நீ வாங்கப் போற அதே வண்டியா, லட்சம் கிலோமீட்டருக்கு மேல ஓடுனதாப் பாத்து, டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு. மொதலாளியக் கேக்காதே, அவன் வாங்குனத விட்டுக் குடுக்க மாட்டான். டிரைவரக் கேளு. கிளட்சு எத்தனை தடவை மாத்துனே, பட்டா எப்ப ஒடிஞ்சுச்சு, பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல நின்னுட்டா ஸ்பேர் எங்க கெடைக்குதுன்னு கேளு. ஒரு டீக்கு அவன் சொல்றத ஷோரூம்காரன் ஒரு பிரியாணிக்கும் சொல்ல மாட்டான்.

இனி பேரம். கண்ணபுரத்துல தரகன் கை மேல துண்டப் போட்டு மூடி, உள்ளார விரலப் புடிச்சு வெலை பேசுவான். வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது, புடிச்ச ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஷோரூம்ல துண்டு கெடையாது. ஆனா அங்க வெளிய நிக்கறவனுக்கும் தெரியாது, விரலக் குடுத்தவனுக்கும் தெரியாது. "மாசம் 18,000 தானுங்க"ம்பான். அந்தத் 'தான்'லதான் துண்டு இருக்குது. எட்டு லட்சம் கடனுக்கு 18,000 வீதம் அறுவது மாசம் கட்டுனா 10,80,000. ரெண்டே முக்கா லட்சத்துக்கு மேல வட்டி. மாசக் கணக்கு பேசறவங்கிட்ட மொத்தக் கணக்கு கேளு. மொத்தக் கணக்கு பேசறவங்கிட்டக் கணக்கப் பிரிச்சுக் கேளு. வண்டி வெலை எவ்வளவு, ரோடு டேக்ஸ் எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, அதுக்குக் கீழ என்னமோ சார்ஜுன்னு எழுதி இருக்குதே அது யாரு ஊட்டு மொய்யின்னு கேளு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா எறங்கியாச்சு. பில்லுல 18 இருக்குதான்னு பொண்டாட்டியப் பாக்கச் சொல்லு. இன்சூரன்ஸ் வெளிய கம்மியாக் கெடைச்சா வெளிய எடுத்துக்க.

இன்சூரன்ஸ்னு சொன்ன ஒடனே ஞாபகம் வந்துச்சு. வண்டி வந்த மறுநாளே கெடாவெட்டுக்கு ஒறம்பரை முப்பது பேர ஏத்திட்டுப் போற நெனப்பு இருந்தா, அத இப்பவே மறந்துரு. சரக்கு வண்டியில ஏறி வர்ற சனத்துக்கு இன்சூரன்ஸ் கெடையாது. எதாச்சும் ஆச்சுன்னா தோட்டந்தான் பதில் சொல்லும்.

டெலிவரி எடுக்கற அன்னிக்கு உன்ற மூளை வேலை செய்யாது, அதனால இதையும் இப்பவே கேட்டுக்க. அட்டையில ஆளு உசரத்துக்குச் சாவி செஞ்சு வெச்சிருப்பாங்க, அதப் புடிச்சுட்டுப் போட்டா எடுப்பாங்க, கேக்கு வெட்டுவாங்க. அதுக்கு முன்னாடி பல்லப் பாத்துரு. வண்டிக்கும் பல்லு இருக்குது. ஃபார்ம் 21-னு விற்பனைச் சான்று குடுப்பாங்க, அதுல எந்த மாசம், எந்த வருசம் பண்ணுன வண்டின்னு இருக்கும். டயரு பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 2325-னா 2025-ம் வருசம் 23-வது வாரம் பண்ணுன டயரு. அஞ்சு டயரும் பாரு, ஸ்டெப்னி உள்பட. கிலோமீட்டர் எத்தனை ஓடியிருக்குதுன்னு பாரு. ஃபேக்டரியில இருந்து ரோட்டுலயே ஓட்டிட்டு வந்திருந்தா கூடத்தான் காட்டும். எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டுத் தூரத்த ஒத்துப் பாத்துக்க. எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பேப்பர்ல இருக்கற மாதிரியே வண்டியிலயும் இருக்குதான்னு உன்ற கண்ணால பாரு. இதெல்லாம் பாத்த பொறவு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழத்த வையி. எலுமிச்சம்பழம் திருஷ்டிக்குத்தான் ஆகும், பழைய டயருக்கு ஆகாது.

நான் சொல்றதுல பாதி உனக்கு இப்ப மறந்திருக்கும். மிச்சப் பாதியும் ஷோரூம் கதவத் தொறந்து அந்தக் குளுகுளு காத்து மொகத்துல அடிச்ச ஒடனே மறந்துரும். போகட்டும். ரெண்டே ரெண்ட மட்டும் துண்டு முனையில முடிச்சுப் போட்டுக்க. மூட்டையோட போ. எறக்கத்துல அந்தப் பையன் ஓட்டட்டும், ஏத்தத்துல நீ ஓட்டு. நடுவுல சோடா குடுத்தா வேண்டாம்னு சொல்லாதே, மரியாதையா வாங்கி மடியில வெச்சுக்க. ஊட்டுக்கு வந்து ஒட்டுக்காக் குடிச்சுக்கலாம்.